ரூட் கெனால் எக்ஸ்ரே: காட்டுவதும் மறைப்பதும்

(எபிசோடின் ஒலிப்பதிவைத் திருத்தி, சற்றே சுருக்கிய எழுத்து வடிவம்)

போன எபிசோடில் பல் சொத்தை எப்படி உருவாகிறது என்று பேசினோம். அதைக் கேட்டுவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தீங்க. "ரூட் கெனால் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு, கேப்பும் போட்டாச்சு. இப்ப அதே பல் கடிச்சா வலிக்குது. நரம்பைத்தான் எடுத்துட்டாங்களே, அப்புறம் எப்படி வலிக்கும்?"

நியாயமான கேள்விதான். இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். பல்லில் விரிசல் விட்டிருக்கலாம், கேப்போட ஓரத்தில் மறுபடி சொத்தை வந்திருக்கலாம். ஆனால் எங்க துறையில் ரொம்ப அடிக்கடி பேசப்படுகிற காரணம் வேறு. அந்தப் பல்லுக்குள்ளே யாரும் தொடாத ஒரு கால்வாய் அப்படியே இருந்திருக்கும். அதுக்குள்ளே கிருமி தங்கி, மெதுவாக வேர் நுனிக்கு வெளியே எலும்பை அரித்திருக்கும்.

"எக்ஸ்ரே எடுத்தாங்களே, அதுல தெரியலையா?" இதுதான் அடுத்த கேள்வியாக வரும். இன்னிக்கு எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

பல்லுக்குள்ளே என்ன இருக்கு?

முதல்ல பல்லோட உள்ளமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துடலாம். வெளியே தெரிகிற பகுதிக்கு உள்ளே ஒரு சின்ன அறை. அதில்தான் பல்கூழ் இருக்கு. ரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்த மென்மையான திசு. நாம பேச்சுவழக்கில் "நரம்பு" என்று சொல்றது இதைத்தான். அந்த அறையிலிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் மெல்லிய பாதைகள் இறங்கும். அந்தப் பாதைதான் ரூட் கெனால், அதாவது வேர்க்கால்வாய். நுனிப் பக்கம் போகப்போக அதோட அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகிடும்.

சிகிச்சை என்றால் என்ன? எல்லாக் கால்வாய்களையும் கண்டுபிடிச்சு, சுத்தம் பண்ணி, அடைச்சு மூடறது. இதில் "எல்லா" என்கிற சொல்தான் முக்கியம். நாலு கால்வாய் இருக்கிற பல்லில் மூன்றை எவ்வளவு அருமையாகச் செய்தாலும், நாலாவது அப்படியே இருந்தால் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

எக்ஸ்ரே என்பது நிழல்

பல் எக்ஸ்ரே எடுக்கும்போது என்ன நடக்குது என்று யோசிச்சுப் பாருங்க. வாய்க்குள்ளே, பல்லுக்கு நாக்குப் பக்கமாக ஒரு சின்ன ஃபிலிமோ சென்சாரோ வைப்பாங்க. வெளியே கன்னத்துப் பக்கம் எக்ஸ்ரே குழாய் இருக்கும். கதிர் கன்னத்திலிருந்து நாக்கை நோக்கிப் போகும். நடுவில் இருக்கிற எல்லாம் ஒரே தாளில் நிழலாக விழும். நீளம் தெரியும், முன்பக்கம் பின்பக்கம் தெரியும். கன்னத்துக்கும் நாக்குக்கும் இடையிலான ஆழம் மட்டும் தெரியாது.

இதில் ஒரு சங்கடம் என்னன்னா, நிறைய வேர்கள் அந்தத் திசையில்தான் அகலமாக இருக்கும். முன்பின்னாகப் பார்த்தால் ஒடுக்கம், கன்னம்–நாக்கு திசையில் பார்த்தால் அகலம். ஒரு மரப்பலகையை அகலப் பக்கமாகப் பார்க்காமல் விளிம்புப் பக்கமாகப் பார்க்கிற மாதிரி. அந்த அகலத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கால்வாய் இருந்தால், இரண்டு நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒற்றைக் கோடாகத் தெரியும்.

ஆக, எக்ஸ்ரே பொய் சொல்றதில்லை. பாதியைத்தான் சொல்லுது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்பது சுவாரசியமான கதை.

1896-லிருந்து ஒரு நடை

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரோன்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடிச்சார். அடுத்த ஜனவரியிலேயே பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தன் வாயையே படம் எடுத்துக்கிட்டார். ஒரு கண்ணாடித் தட்டை மூடிச் சுற்றி வாயில் வச்சுக்கிட்டு 25 நிமிஷம் அசையாமல் இருந்தார். இன்னிக்கு ஒரு பல் எக்ஸ்ரேக்கு ஒரு நொடி கூட ஆகறதில்லை.

அமெரிக்காவில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்கிற பல் மருத்துவர் இருந்தார். 1899-ல் அவர் ஒரு நோயாளியின் பல் கால்வாய்க்குள் ஈயக் கம்பியை விட்டு எக்ஸ்ரே எடுத்து, கால்வாயோட நீளத்தைக் கணித்தார். இன்னிக்கும் சிகிச்சை நடுவில் ஃபைல் என்கிற மெல்லிய ஊசியை உள்ளே விட்டு எக்ஸ்ரே எடுக்கிறோமே, அதோட முன்னோடி இதுதான். ஆனால் அந்தக் காலத்தில் கதிரோட ஆபத்து யாருக்கும் தெரியாது. கருவியைச் சரிபார்க்க கெல்ஸ் தன் கையையே கதிருக்கு முன்னால் நீட்டுவார். கையில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாக விரல்களையும், பிறகு கையையும் இழந்தார். 1928-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கதிர்ப் பாதுகாப்பு பற்றி நாம இன்னிக்கு இவ்வளவு பேசறோம் என்றால், அதுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்கள் கொடுத்த விலை இருக்கு.

எக்ஸ்ரேயை நம்பாமல் வேறு வழியில் போனவர்களும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் வால்டர் ஹெஸ் சுமார் 2,800 பிடுங்கப்பட்ட பற்களை எடுத்துக்கிட்டார். கால்வாய்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, அதைக் கெட்டியாக்கி, பிறகு பல்லை அமிலத்தில் கரைத்தார். பல் போய்விடும், கால்வாயோட அச்சு மட்டும் நிற்கும். அவருடைய ஆய்வு 1925-ல் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. அந்தப் படங்களைப் பார்த்தால் நேர்க்குழாய் மாதிரியே இருக்காது. பக்கக் கிளைகள், குறுக்கு இணைப்புகள், நுனியில் பிரிகிற இழைகள் என்று செடியோட சல்லிவேர் மாதிரி இருக்கும்.

இனி நம்ம தலைப்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஆய்வு. மெக்சிகோவைச் சேர்ந்த பினேடா, குட்லர் என்ற இருவர் 1972-ல் வெளியிட்டது. அவங்க செய்தது ரொம்ப எளிமையான விஷயம். பிடுங்கப்பட்ட பல்லை இரண்டு திசையில் எக்ஸ்ரே எடுத்தாங்க. ஒன்று, வாயில் எடுப்பது போலவே கன்னத்திலிருந்து நாக்குக்கு. இன்னொன்று, பல்லைப் பக்கவாட்டில் திருப்பி வச்சு. இந்த இரண்டாவது படத்தை உயிருள்ள ஆளோட வாயில் எடுக்கவே முடியாது, ஏன்னா பக்கத்துப் பற்கள் மறைக்கும். இப்படி 7,275 கால்வாய்களைப் பார்த்தாங்க. முதல் படத்தில் தெரியாத வளைவும் பிரிவும் இரண்டாவது படத்தில் தெரிந்தது.

அதே காலகட்டத்தில், 1974-ல், பெஞ்சமின், டௌசன் என்ற இருவர் 364 கீழ் முன்பற்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தாங்க. கீழ் முன்பல் நம்ம வாயிலேயே சின்னப் பல். ஒற்றை வேர், ஒற்றைக் கால்வாய் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் சுமார் 41 சதவீதப் பற்களில் இரண்டு கால்வாய் இருந்தது. அதில் பெரும்பாலானவை நுனிக்கு முன்பே ஒன்றாகச் சேர்ந்துவிடும். இரண்டும் தனித்தனி வாயிலாக வெளியே போனது 1.3 சதவீதம்தான். இருந்தாலும் நாக்குப் பக்கக் கால்வாயைத் தேடாமல் விட்டால், கிருமி தங்குவதற்கு அந்த இடமே போதும்.

1984-ல் அமெரிக்காவில் வெர்டூச்சி 2,400 பற்களை ரசாயன முறையில் கண்ணாடி போலத் தெளிவாக்கி, உள்ளே சாயம் செலுத்திப் பார்த்தார். கால்வாய்கள் பிரிவதையும் சேர்வதையும் எட்டு வகையாகப் பிரித்தார். இன்னிக்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிப்பது அந்த எட்டு வகையைத்தான்.

ஒளிஞ்சு விளையாடும் எம்.பி.

இப்போ ஒரு பல்லை மட்டும் எடுத்துக்குவோம். மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல். அதுக்கு மூன்று வேர். கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. கன்னத்துப் பக்க இரண்டில் முன்னால் இருப்பதை நாங்க எம்.பி. வேர் என்று சொல்வோம். நாடாளுமன்றத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, மீசியோ பக்கல் என்பதோட சுருக்கம்.

இந்த வேர் நான் சொன்ன பலகை மாதிரி அகலமானது. அதுக்குள்ளே இரண்டாவது கால்வாய் ஒன்று, முதலாவதுக்குப் பின்னால், அண்ணத்துப் பக்கமாக ஒளிந்திருக்கும். அதுக்கு எம்.பி.-2 என்று பேர். 1969-ல் வைன் என்பவரும் அவர் குழுவும் 208 பற்களை வெட்டிப் பார்த்து, சுமார் பாதிப் பற்களில் இந்த வேருக்குள் இரண்டு கால்வாய் இருக்கு என்று சொன்னாங்க. 1990-ல் குலில்ட், பீட்டர்ஸ் இருவரும் நுண்ணோக்கியை வச்சு மேல் கடைவாய்ப் பற்களை ஆராய்ந்தபோது 95 சதவீதம் வந்தது. சரி, அது ஆய்வகம், கையில் வச்சுப் பார்க்கலாம். உயிருள்ள நோயாளியிடம்? ஸ்ட்ராப்கோ என்கிற அமெரிக்க மருத்துவர் எட்டு வருஷம் சிகிச்சை செய்த பற்களைக் கணக்கெடுத்து 1999-ல் வெளியிட்டார். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் எம்.பி.-2 கிடைத்தது மொத்தத்தில் 73 சதவீதம். நுண்ணோக்கியை வழக்கமாகப் பயன்படுத்த ஆரம்பித்து, அதுக்கென்று நேரமும் ஒதுக்கிய பிறகு அது 93 சதவீதத்துக்கு உயர்ந்தது.

1969-லிருந்து 1999-க்குள் மனிதனோட பல் மாறிடல. பார்க்கிற விதம்தான் மாறியது. "எக்ஸ்ரேயில் இல்லை, அதனால் கால்வாயே இல்லை" என்று முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பஸ் ஜன்னலும் மலையும்

சரி, உயிருள்ள வாயில் பல்லைத் திருப்பி வைக்க முடியாது. பல்லைத் திருப்ப முடியாது என்றால் குழாயை நகர்த்தலாம், இல்லையா? 1910-லேயே கிளார்க் என்பவர் இந்த வழியைச் சொல்லிட்டார். ஒரு எக்ஸ்ரே நேராக. இன்னொன்று, குழாயைச் சுமார் 20 டிகிரி முன்னாலோ பின்னாலோ தள்ளி.

இது எப்படி வேலை செய்யுது என்று புரிய, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போறதை நினைச்சுக்கோங்க. ரோட்டோர மரம் பின்னாடி ஓடும். தூரத்து மலை நம்ம கூடவே வரும். எக்ஸ்ரேயிலும் அதே கதைதான். குழாய் கன்னத்துப் பக்கம் இருக்கு. குழாயை முன்னால் நகர்த்தினால், தூரத்தில் இருக்கிற நாக்குப் பக்கக் கால்வாய் குழாயோடு சேர்ந்து முன்னால் வரும். பக்கத்தில் இருக்கிற கன்னப் பக்கக் கால்வாய் பின்னால் போகும். ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த இரண்டு நிழலும் பிரிந்து தெரியும். எது எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும்.

அதனால, டாக்டர் ஒரே பல்லுக்கு இரண்டாவது எக்ஸ்ரே கேட்டால் "முதல் படம் சரியா விழலை போல" என்றோ, "பில் ஏத்தறாங்க" என்றோ உடனே நினைக்க வேண்டாம். பல நேரங்களில் அந்த இரண்டாவது படம்தான் பல்லைக் காப்பாற்றுது.

ஒரே படத்திலும் சில தடயங்கள் கிடைக்கும். மேல் பாதியில் கறுப்புக் கோடாகத் தெளிவாகத் தெரிகிற கால்வாய் நடுவில் சட்டென்று மங்கி மறைந்தால், அந்த இடத்தில் அது இரண்டாகப் பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கீழ் முன்கடைவாய்ப் பல்லில் இதை அடிக்கடி பார்க்கலாம். உள்ளே விட்ட ஃபைல் வேரோட நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கித் தெரிந்தால், மறுபக்கம் இன்னொரு கால்வாய் இருக்கா என்று தேடணும். வேரோட விளிம்புக் கோடு இரட்டையாகத் தெரிந்தால், கூடுதல் வேர் இருக்கலாம். தெருவில் காலடித் தடத்தை வச்சு ஆள் போன திசையைச் சொல்ற மாதிரிதான் இதுவும்.

எக்ஸ்ரேக்கு இன்னொரு குறையும் உண்டு. கால்வாயோட வாயில் எப்போதும் வேரோட உச்சி நுனியிலேயே திறக்காது. அதே குட்லர் 1955-லேயே நுண்ணோக்கியில் வேர் நுனிகளை ஆராய்ந்து இதைக் காட்டியிருந்தார். வாயில் கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ திறந்தால், நிழலில் அது தெரியாது. படத்தில் ஃபைல் சரியாக நுனியில் நிற்கிற மாதிரி தெரியும், நிஜத்தில் வெளியே போயிருக்கும். இதுக்காகத்தான் மின்தடையை வச்சு நீளம் கணிக்கும் கருவி வந்தது. 1962-ல் ஜப்பானின் சுனாதா அதுக்கு அடித்தளம் போட்டார். இன்னிக்கு சிகிச்சையின்போது உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி "பீப் பீப்" என்று சத்தம் வருமே, அந்தக் கருவிதான் அது.

அப்படியென்றால் எல்லோருக்கும் 3டி ஸ்கேனா?

1990-களின் கடைசியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் சிபிசிடி என்கிற கருவி வந்தது. கூம்பு வடிவக் கதிரை முகத்தைச் சுற்றி அனுப்பி, பல்லை மூன்று பரிமாணத்தில் காட்டும். பினேடாவும் குட்லரும் பிடுங்கிய பல்லில் பார்த்த அந்த இரண்டாவது திசையை, பல்லைப் பிடுங்காமலே பார்க்கலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கதிர் அளவைப் பாருங்க. வாய்க்குள் எடுக்கிற ஒரு சின்ன டிஜிட்டல் எக்ஸ்ரே சில மைக்ரோசீவெர்ட்தான். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு ஒரு வருஷத்தில் உலக சராசரியாக 2,400 மைக்ரோசீவெர்ட் கிடைக்குது. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. ஆக ஒரு சின்ன எக்ஸ்ரே என்பது கிட்டத்தட்ட ஒரு நாள் சும்மா வீட்டில் இருக்கிற கணக்குதான். சிபிசிடி அப்படி இல்லை. எடுக்கிற பரப்பைப் பொறுத்துப் பத்துகளிலிருந்து நூறுகள் வரை போகும். பயப்பட வேண்டிய அளவு இல்லை, ஆனால் காரணமில்லாமல் எடுக்கிற அளவும் இல்லை. அதோட, பல்லில் உலோகமோ பழைய அடைப்போ இருந்தால் கீற்று கீற்றாக விழுந்து இல்லாததை இருப்பது போலவும், இருப்பதை இல்லாதது போலவும் காட்டும். நுணுக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேதான் இன்னும் கூர்மை.

அதனால பொதுவான நடைமுறை இதுதான். முதலில் சின்ன எக்ஸ்ரே, தேவைப்பட்டால் கோணம் மாற்றி இன்னொன்று. அதிலும் புதிர் தீரவில்லை என்றாலோ, ஏற்கெனவே செய்த சிகிச்சை தோற்றுப்போய் மறுபடி செய்வதாக இருந்தாலோ, அந்தப் பல்லை மட்டும் அடக்குகிற சின்னப் பரப்பில் சிபிசிடி.

யாருடைய பல்லை வச்சு எழுதின பாடம்?

கடைசியாக ஒரு விஷயம். நான் சொன்ன பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் கிடைத்த பற்களை வச்சு நடந்தவை. ஆனால் வேர் அமைப்பு எல்லா மக்களுக்கும் ஒன்று போல இருக்காது. கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர். மூன்றாவது வேர் கிழக்காசிய மக்களிடம் ஐரோப்பியர்களைவிடப் பல மடங்கு அதிகம். 1971-ல் கிறிஸ்டி டர்னர் என்கிற மானுடவியலாளர் இந்த மூன்றாவது வேரை வச்சே அமெரிக்கப் பழங்குடிகள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வியை ஆராய்ந்தார். கீழ் இரண்டாவது கடைவாய்ப் பல்லில் சி எழுத்து மாதிரி வளைந்த கால்வாயும் கிழக்காசியர்களிடம் அதிகம். எக்ஸ்ரேயில் அது சாதாரண இரண்டு வேர்ப் பல் போலவே ஏமாற்றலாம்.

அப்போ நம்ம ஊர்ப் பற்கள்? 2010-ல் ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ் இதழில், சென்னை ஆய்வாளர்கள் இந்தியர்களின் மேல் கடைவாய்ப் பற்களை சிபிசிடியில் ஆராய்ந்து எழுதினாங்க. அதுக்குப் பிறகு இந்தியாவின் பல கல்லூரிகளிலிருந்தும் இப்படி ஆய்வுகள் வந்துகிட்டே இருக்கு. ஒவ்வொரு பிடுங்கின பல்லும், ஒவ்வொரு நல்ல எக்ஸ்ரேயும் இந்த வரைபடத்தில் ஒரு புள்ளி. வரைபடம் நம்ம ஊருக்கு ஏற்றதாக இருந்தால்தான், நம்ம ஊர் டாக்டர் எங்கே தேடணும் என்று தெரிந்து தேடுவார்.

உங்களுக்கு இதில் என்ன வேலை? மூன்றே விஷயம். சிகிச்சை முடிந்ததும் "எத்தனை கால்வாய் கிடைச்சுது டாக்டர்?" என்று கேளுங்க. கேட்பதில் தப்பே இல்லை, சந்தோஷமாகச் சொல்வாங்க. முன்னால், நடுவில், பின்னால் எடுத்த எக்ஸ்ரே நகல்களை வாங்கி பத்திரமாக வச்சுக்கோங்க, ஃபோனில் இருந்தாலும் போதும். பின்னால் வலி வந்தால் அதுதான் முதல் சாட்சி. மூன்றாவது, ரூட் கெனால் செய்த பல் மறுபடி வலித்தால், "இனி தேறாது, பிடுங்கிடுங்க" என்று நீங்களே தீர்ப்பு எழுதிடாதீங்க. விட்டுப்போன கால்வாய்தான் காரணம் என்றால், அதைத் திறந்து சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கு. பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்கிற வாய்ப்பு அப்படியில்லை.

அடுத்த எபிசோடில் குழந்தைகளோட பால்பற்கள் பற்றிப் பேசலாம். "விழற பல்லுதானே, எதுக்கு சிகிச்சை?" என்று கேட்கிறவங்களுக்காகவே அந்த எபிசோட். அதுவரை, ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி பல் தேய்க்க மறந்துடாதீங்க.